இளையவன் குடியை நிறுத்தியபோது

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் போன் வரும். "மக்கா, உனக்கு எழுததுக்கு வேற ஆளு கிட்டல்லியா?" என்று ஆரம்பித்து, என் ஸ்கூட்டர், வீட்டு மிக்ஸி, மோட்டார் பம்பு, நான் குடிக்கும் காப்பி என எல்லாவற்றின் நலத்தையும் விசாரித்த பிறகுதான் வைப்பாள். எதைப் பற்றியும் கேட்க அவளிடம் ஒரே கேள்விதான் உண்டு. "இப்போ எவ்வளவு குடிக்குது?"

கூடப் பிறந்தவள் இல்லை; நாங்கள் இரண்டு பேரும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நகரத்து விமான நிலையத்தின் ஒரு மூலையில் தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு பழைய விமானங்கள். வானத்திலிருந்து படம் எடுத்து நிலத்தை அளந்து கொடுப்பது தொழில். கடல் அரித்த கரை, ரப்பர் தோட்டம், அணைக்கட்டு, புதிய சாலை போகும் வழி என்று யார் கேட்டாலும் போவோம். இரண்டும் ஒற்றை எஞ்சின் விமானங்கள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அடிவயிற்றில் துளை போட்டு, கண்ணாடி பதித்து, அதற்கு மேலே காமிராவை வைத்திருந்தோம். நான் ஓட்டுவேன். அக்கா எஞ்சினியர். அவள் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கொட்டகையை விட்டு நகரும். பிறகு ட்ரோன்கள் வந்தன, முதலாளி கம்பெனியை மூடினார், அக்கா வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள், இந்தியில்.

விமானங்களுக்குக் கம்பெனி கொடுத்த எண்கள் உண்டு. அக்கா அவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு ஒன்று மூத்தவன், மற்றது இளையவன்.

காலையில் அவள் செய்யும் முதல் வேலை எண்ணெய் பார்ப்பது. எஞ்சின் மேலே இருக்கும் சின்னக் கதவைத் திறப்பாள். அளவுக் கம்பியை உருவுவாள். துடைப்பாள். துடைப்பதற்கு அவள் புருஷனின் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருப்பாள். வெள்ளைத் துணியில்தான் எண்ணெயின் நிறம் தெரியும் என்பாள். மறுபடி கம்பியை உள்ளே விட்டு, உருவி, வெளிச்சத்தில் படுக்கவைத்துப் பிடித்துப் பார்ப்பாள். நுனியில் இருக்கும் எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பாள். கடைசியாக மோந்து பார்ப்பாள். மீன்காரியிடம் மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும்.

இந்தச் சின்ன விமான எஞ்சின்கள் எண்ணெய் குடிக்கும். கார் எஞ்சின்போல மாதக்கணக்கில் மூடியைத் திறக்காமல் ஓட்ட முடியாது. காற்றிலேயே குளிர வேண்டிய எஞ்சின் என்பதால் உள்ளே எல்லாம் கொஞ்சம் தாராளமாகவே பொருத்தியிருப்பார்கள். அந்த இடைவெளியில் ஏறும் எண்ணெய் எரிந்து போகும். அதில் குற்றமில்லை. எவ்வளவு எரிகிறது என்பதுதான் கேள்வி. அக்கா அதையும் கொஞ்சம் திருத்திவைத்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சில் பேடி என்றால் பயம்.

"குடிச்சா பேடிக்காண்டாம் மக்கா. குடி மாறினாத்தான் பேடிக்கணும். மூத்தவன் கூடுதலா குடிப்பான். அது அவனுக்க சுபாவமாக்கும். அவன் திடீர்னு பாதி குடிச்சா அண்ணைக்கு எனக்கு உறக்கம் வராது."

முதலாளிக்கு இது பிடிபடவே இல்லை. நல்ல மனுஷர். நகரத்து மலையாளி. எதுவும் நிரம்பியிருந்தால்தான் அவருக்கு நிம்மதி. பெட்ரோல் டேங்கு, டீ கிளாஸ், சாப்பாட்டு இலை எல்லாமே விளிம்பு வரை வேண்டும். எண்ணெய்க் கம்பியில் எட்டு வரை கோடு இருக்க, அக்கா ஆறரையில் நிறுத்திவிடுவது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு வாரம் லீவில் போனபோது, இளையவனுக்கு எட்டு வரை ஊற்றச் சொல்லிவிட்டார். ஊற்றியது ஸ்டீபன் அண்ணன். கள்ளிக்காட்டுக்காரர், எங்கள் மெக்கானிக். நான் அதே விமானத்தில் அம்பூரி மலைப்பக்கம் ரப்பர் தோட்டங்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். இறங்கிப் பார்த்தால் விமானத்தின் வயிறு முழுவதும் எண்ணெய். மேலே அதிகமாக ஊற்றியதையெல்லாம் எஞ்சின் மூச்சுக் குழாய் வழியாக வெளியே தள்ளியிருந்தது. காமிராக் கண்ணாடியிலும் அதே எண்ணெய். எடுத்த படங்களில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பழுப்பாக ஒரு மேகம், அதற்குப் பின்னால் இன்னொரு மேகம்.

லீவு முடிந்து வந்த அக்கா விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"சார், பிள்ளைக்கு வயிறு நெறஞ்ச பெறவும் ஊட்டினா என்ன செய்யும்?"

"துப்பும்," என்றார் முதலாளி.

"இவனும் துப்பினான்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பழுப்புப் படத்தில் ஒன்றைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டிவைத்தார். வருகிறவர்களிடம் அது அம்பூரியின் மழைக்கால அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் வீடு பனச்சமூட்டுக்குப் பக்கத்தில். மிஷன் காலத்துச் சர்ச்சின் பழைய குடும்பம். எங்கள் வீடு நெய்யாற்றின்கரைப் பக்கம். முன்னோர் எல்லோரும் சர்க்கார் கச்சேரியில் கணக்கு எழுதியவர்கள், தரையை விட்டு ஒரு முழம் எழும்பிய முதல் ஆள் அந்த வீட்டுப் பெண்ணான நான்தான். காலை பஸ்ஸில் அவள் முன்னாலேயே ஏறி எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். அந்தப் பஸ்ஸில்தான் குவார்ட் கதை நடந்தது.

எண்ணெயை நாங்கள் குவார்ட் கணக்கில் அளப்போம். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் காதில் அது குவார்ட்டர் என்றுதான் விழும். அக்காவுக்கு அந்த நினைப்பே வந்ததில்லை. தினமும் வெள்ளறடை தாண்டியதும் ஸ்டீபன் அண்ணனைப் போனில் கூப்பிடுவாள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை. கடைசி சீட்டு வரை கேட்கும்.

"அண்ணா, மூத்தவன் நேத்து எவ்வளவு குடிச்சான்? ஒரு குவார்ட்டா? அது பரவால்ல, அவன் அப்பிடித்தான் குடிப்பான். இளையவன்? அரைதானா? கொள்ளாம், கொள்ளாம். நீங்க ஊத்திக் குடுத்துராதீங்க, நான் வந்து ஊத்துறேன். கூடிப்போச்சுன்னா வயிறு முழுக்கத் துப்பி வச்சிருவான், பின்னே கழுவதுக்கு நான்தானே!"

அக்காவின் புருஷன் வீட்டுக்கு மூத்த பிள்ளை. அவருக்கு ஒரு தம்பி உண்டு. அதே வளவுக்குள் வீடு. அண்ணன் சர்ச் பாடகர் குழுவில் தடித்த குரலில் பாடுகிறவர். தம்பி ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்கிறவர். இரண்டு பேரும் கள்ளின் வாசனையைக்கூட அறியாதவர்கள். ஆனால் அந்தப் பஸ்ஸில் சர்ச்சுக்காரர்கள் நாலைந்து பேர் தினமும் வருவார்கள். அவர்கள் என்ன செய்ய முடியும்? போதகரிடம் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை போதகர் வீட்டுக்கு வந்தார். அண்ணனையும் தம்பியையும் முன்னால் உட்காரவைத்து, தலையில் கைவைத்து, உருக்கமாக ஜெபம் பண்ணினார். "இந்தப் பழக்கத்திலிருந்து இவர்களை விடுவியும்" என்றார். அக்காவின் புருஷனுக்குச் சாயங்காலம் ஜங்ஷன் கடையில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, தின்னும் பழக்கம் இருந்தது. சர்க்கரை இருக்கிறது, தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எப்படியோ போதகர் வரைக்கும் போய்விட்டது என்று நினைத்து, அந்த மனுஷர் கண்கலங்கி ஆமென் சொன்னார். தம்பிக்குத் தன்னிடம் எந்தப் பழக்கமும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு பாதுகாப்புக்கு அவரும் ஆமென் சொல்லிவைத்தார்.

விஷயம் வெளியே வந்தபோது அக்கா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாளாம். மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், "அது எனக்க வண்டி குடிக்கதாக்கும் ஐயா" என்று விளக்கியிருக்கிறாள். போதகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டிக்கும் ஜெபம் பண்ணலாம், தப்பில்லை" என்றாராம். அத்தான் மட்டும் பல மாதத்துக்குப் பழம்பொரி தொடவில்லை. சர்க்கரை இறங்கியது. யார் சொல்லி என்ன, பலன் கிடைத்தது.

எப்போதும் அக்காவின் கணக்கு சரியாக வந்துவிடாது. ஒருமுறை நான் கொட்டகையில் சாயங்கால டீயை நிறுத்திவிட்டேன். சில நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் அம்மாவுக்குப் போன் போட்டாள். "பிள்ளைக்குக் குடி மாறியிருக்கு. மனசுல என்னவோ உண்டு." அம்மா அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டாள். பையன் எந்த ஊர், என்ன ஜாதி, சம்பளம் எவ்வளவு என்று வீடே கூடிப் பேசியது. டீக்கடைக்காரர் தூளை மாற்றிவிட்டார், வாயில் வைக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். அக்காவோ, "மாறினது உண்மைதானே? எனக்க கண்ணு பொய் சொல்லல்ல," என்று நின்றுவிட்டாள்.

இளையவன் குடியை நிறுத்தியது ஒரு ஐப்பசியில்.

நெய்யாறு அணை நிரம்பியிருந்தது. தண்ணீர் நிற்கும் கரையை முழுக்கப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று ஒரு வேலை. அணை நிரம்பி நிற்கும்போதே எடுக்க வேண்டும். ஷட்டரைத் திறந்துவிட்டால் பிரயோஜனமில்லை. மூத்தவன் பெரிய பராமரிப்புக்காகப் பிரித்துப் போடப்பட்டிருந்தான். இளையவன்தான் கதி. ஆனால் மழை விடவில்லை. காலையில் வந்து, மேகத்தைப் பார்த்து, டீ குடித்து, சாயங்காலம் திரும்பிப் போவதே வேலையாக இருந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் வானம் வெளுத்தது. ஓடிப்போய்ப் பாதி அணையை எடுத்துவிட்டேன். மறுநாள் காலை இன்னும் சுத்தமான வானம். மேற்குத்தொடர்ச்சி மலை கையெட்டும் தூரத்தில் நின்றது.

ஸ்டீபன் அண்ணன்தான் முதலில் கம்பியை உருவினார்.

"ஏ, இங்க பாருங்க! இளையவன் குடிய நிறுத்திட்டான். நேத்து வச்ச இடத்துலேயே நிக்குது."

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "அது கொள்ளாமல்லோ! ஞான் பறஞ்ஞில்லே, நல்ல எஞ்சினாணு!"

நான் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறத் தயாராக இருந்தேன். அக்கா வந்தாள். துடைத்தாள், விட்டாள், உருவினாள், தேய்த்தாள், மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகு கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

"மக்கா, நேத்து எவ்வளவு நேரம் பறந்த?"

"மூணு மணிக்கூர் இருக்கும்."

"பிரஷர் ஊசி எங்க நிண்ணுது?"

"பச்சைக்குள்ளதான்."

"பச்சைக்குள்ள எங்க?"

நான் யோசித்தேன். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் ஊசி பச்சைப் பட்டைக்குள் இருந்தால் போதும் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "கொஞ்சம் கீழ மாதிரி... ஆனா பச்சைதான் அக்கா."

அவள் துணியில் ஒரு சொட்டு விட்டாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அது படர்வதுபோல எனக்கும் தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எதுவும் தோன்றும். முதலாளி வாங்கி மோந்தார். அவருக்கு ஜலதோஷம். ஸ்டீபன் அண்ணன் மோந்துவிட்டு எண்ணெய் வாசனைதான் வருகிறது என்றார். நானும் அதையே சொன்னேன்.

"இண்ணைக்குப் போவாண்டாம்," என்றாள் அக்கா.

முதலாளியின் முகம் மாறியது. "எண்ணெய் குறையாத்தது ஒரு குற்றமாணோ? குறஞ்சா பேடி, குறஞ்ஞில்லெங்கிலும் பேடி! ஷட்டர் நாளைக்குத் தொறக்கும்னு கேக்குது. இந்த வானம் இனி எப்போ கிட்டும்?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "சார், இவன் குடிக்காம பறக்க மாட்டான். மூணு மணிக்கூர் பறந்தா காலு குவார்ட்டாவது போவும். அது போயிருக்கு. போயும் அளவு குறையல்லண்ணா, போன இடத்துல வேற என்னவோ வந்து நெறைஞ்சிருக்கு."

"எந்து வந்நு?"

"அதத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. எத்தனை நாள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "அக்கா, ஓட்டினது நான். ஒரு குலுக்கம் இல்ல, ஒரு சத்தம் இல்ல," என்றேன்.

"இருக்காது. இப்போ இருக்காது." அவள் என்னைப் பார்த்தாள். "நீ அணைக்கு மேல நிக்கும்போது வந்தா எங்கடா எறக்குவ? தண்ணியிலயா, காட்டுலயா?"

நான் பெண் என்பதை மறந்து அவள் என்னை 'டா' போட்டுப் பேசினால், பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். முதலாளி வெளியே போய், அந்த அழகான வானத்தைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

எண்ணெயை வடித்தார்கள். பாத்திரத்தில் விழுந்தபோதே தெரிந்துவிட்டது. எண்ணெய் கஞ்சிபோல விழ வேண்டும். இது மோர்போல விழுந்தது. சூடு இல்லாத காலையிலும் பெட்ரோல் நெடி கொட்டகை முழுக்க எழும்பியது. ஜலதோஷம் பிடித்த முதலாளியே திரும்பிப் பார்த்தார். எஞ்சினில் பொருத்தியிருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பிரித்தபோது, உள்ளே தடுப்பாக இருக்கும் ரப்பர் தோல் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாகப் பெட்ரோல் எண்ணெய்க்குள் கசிந்து, எரிந்து போன எண்ணெயின் இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அளவு அப்படியே நிற்கும். எண்ணெய் மட்டும் எண்ணெயாக இருக்காது. இன்னொரு நாள் பறந்திருந்தால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசிப் பிடித்திருக்கும். தீயும் பிடித்திருக்கலாம்.

நான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்லப் பார்த்தார், தும்மல்தான் வந்தது. பிறகு தானே போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். வழியில் ததும்பிச் சிந்தாதபடி, முக்கால் கிளாஸ்.

புதிய பம்பு வேறு ஊரிலிருந்து மறுநாள் வந்தது. எங்கள் அதிர்ஷ்டம், ஷட்டரைத் திறப்பதை ஏதோ காரணத்தால் தள்ளிப்போட்டிருந்தார்கள். வானமும் விடாமல் நீலமாகவே நின்றது. அக்கா பம்பைப் பொருத்தி, புது எண்ணெய் ஊற்றி, தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். இனி நான் ஏறிப் பறந்து பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு ஏற மனம் வரவில்லை. அதைச் சொல்லவும் வெட்கம். "நீயும் வா அக்கா," என்றேன்.

"நானா? எனக்கு அங்க என்ன சோலி?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட மேலே போனதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கிறாள்.

"நீ வந்தாத்தான் நான் போவேன்."

அவள் துணியை மடித்தாள். "எனக்குப் பேடியாக்கும் மக்கா," என்றாள். "மேல போயிட்டா எனக்கு எறங்கி மூடியத் தொறந்து பாக்க முடியாதுல்லா."

ஆனாலும் வந்தாள். என் வலப்பக்கத்து சீட்டில், பெல்ட்டை இறுக்கி, செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, வேட்டித் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விமானம் எழும்பியபோது உதடு அசைந்தது. வேதாகமத்துச் சங்கீதமாக இருக்கலாம், என்னைத் திட்டியதாகவும் இருக்கலாம். அதன் பிறகு அவள் கண் பிரஷர் ஊசியை விட்டு அசையவில்லை.

நெய்யாற்றின்கரை போனது. கள்ளிக்காடு போனது. அணை வந்தது. கரை தொட்டு நிற்கும் தண்ணீர், அதில் மலையின் நிழல், நடுவில் பச்சைத் தீவுகள்.

"அக்கா, கீழ பாரு. அணை!"

"நீ பாரு. நான் இவனப் பாத்துக்கிடுறேன்."

வரிசை வரிசையாகப் போய்ப் படம் எடுத்தேன். அம்பூரி மலைக்கு மேலே திரும்பினோம். ரப்பர் மரங்கள் சரிவில் சீப்பால் வாரிவிட்டதுபோல நின்றன. அவள் பார்க்கவில்லை. வேலை முடிந்தது. திரும்பும் வழியில் வேண்டுமென்றே கொஞ்சம் தெற்கே ஒதுக்கிக்கொண்டு போனேன்.

"அக்கா, பனச்சமூடு! உனக்க சர்ச்சுக் கோபுரம் தெரியுது."

"அது எங்க போவும்? அங்கதான் நிக்கும். ஊசி அப்பிடியா?"

ஊசி பச்சையின் நடுவில், ஆணி அடித்ததுபோல நின்றது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? இந்த ஊசிய நான் பாத்துக்கிடுறேன். நீ ஒரு வட்டம் வெளிய பாரு."

"நீ பாப்பியா?"

"பாப்பேன்."

"கண்ணெடுக்கப்பிடாது."

"எடுக்க மாட்டேன்."

"பச்சைக்குள்ள எங்க நிக்குதுண்ணு நான் கேப்பேன்."

"கேளு. சொல்லுறேன்."

பெல்ட் உரசும் சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் விமானத்தை மெல்லச் சாய்த்து, கிராமத்துக்கு மேலே அகலமாக ஒரு வட்டம் போட்டேன். வழி பார்க்க ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்ததைத் தவிர, சொன்ன சொல்லுக்கு ஊசியிலேயே இருந்தேன்.

"அய்யோ," என்றாள். "எனக்க மாடியில துணி காயுது." பிறகு, "அது அத்தான் ஸ்கூட்டராக்கும். இந்நேரத்துல ஜங்ஷன்ல இவருக்கு என்ன சோலி?" சிரிக்க ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளையைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும்போது வருமே, அப்படி நிறுத்த முடியாத சிரிப்பு. வட்டம் முடிந்தும் நிற்கவில்லை. நான் இன்னொரு வட்டம் போட்டேன்.

அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.